கடல் மீன் தொட்டி: ஹீட்டர் சம்பில் எந்த அறையில்? வெப்ப சென்சார் எங்கே?

நெத்திலி (பெங்களூரு)

வணக்கம் நண்பர்களே. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. இரவில் வெளியே 15, 16 டிகிரிக்கு இறங்குகிறது. காலையில் பார்த்தால் தொட்டித் தண்ணீர் 22-ல் நிற்கிறது, மீன்கள் மந்தமாக இருக்கின்றன, தீனிக்கு மேலே வருவதில்லை.

தொட்டி 90 x 45 x 45 செ.மீ., கீழே சம்ப் (மேல் தொட்டியிலிருந்து வழியும் தண்ணீர் வந்து சேரும் இரண்டாவது தொட்டி). ஓடும் தண்ணீர் எல்லாம் சேர்த்து 200 லிட்டர், அதில் சம்பில் நிற்பது 40 லிட்டர். சம்பில் மூன்று அறைகள். மேலிருந்து குழாய் வந்து விழும் அறை, கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர் இருக்கும் அறை, கடைசியில் தண்ணீரை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் அறை. மீன்கள்: ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் குஞ்சு பொரித்து வளர்த்த க்ளவுன் ஜோடி ஒன்று, இரண்டு டாம்சல், ஒரு கோபி. பவளம் எதுவும் இல்லை, காய்ந்த பாறைதான்.

வாங்கி வைத்திருப்பது 300 வாட்ஸ் கண்ணாடி ஹீட்டர் ஒன்று, அதன் தலையிலேயே திருகும் தெர்மோஸ்டாட் இருக்கிறது. கூடவே வெப்பத்தைப் பார்த்து ஹீட்டரை ஆன், ஆஃப் செய்யும் எஸ்டிசி-1000 கண்ட்ரோலரும் அதன் ஒயர் சென்சாரும். கடைக்காரர், "ரிட்டர்ன் பம்ப் பக்கத்தில் போடுங்கள், சூடான தண்ணீர் உடனே மேலே போய்விடும்" என்றார். நண்பர் ஒருவர், சென்சாரை மேல் தொட்டியில்தான் வைக்க வேண்டும், மீன் இருக்கிற இடத்தைத்தானே அளக்க வேண்டும் என்கிறார். இரண்டுமே நியாயமாகத்தான் தெரிகிறது. இன்னும் எதையும் மாட்டவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

உப்புக்காற்று (சென்னை)

மாட்டுவதற்கு முன்னால் கேட்டது நல்லது. முதலில் ஹீட்டர்.

ரிட்டர்ன் பம்ப் அறை வேண்டாம். சம்ப் வைத்த தொட்டியில் ஆவியாகிப் போகும் தண்ணீர் முழுவதும் குறைவது அந்த ஒரே அறையில்தான். மேல் தொட்டியின் மட்டத்தை ஓவர்ஃப்ளோ (தண்ணீர் வழிந்து கீழே இறங்கும் வாய்) பிடித்து வைக்கிறது, ஸ்கிம்மர் அறையின் மட்டத்தைத் தடுப்புக் கண்ணாடி பிடித்து வைக்கிறது. மிச்சக் கணக்கெல்லாம் கடைசி அறையில் வந்து விழும். தானாக நீர் நிரப்பும் கருவி ஒருநாள் வேலை செய்யவில்லை, நீங்கள் ஊருக்குப் போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மட்டம் இறங்கும், ஹீட்டரின் பாதிக் குழாய் காற்றில் நிற்கும். காற்றில் நிற்கும் பகுதி சூட்டை விட இடமில்லாமல் கொதிக்கும். அதன் மேல் தண்ணீர் தெறித்தால் கண்ணாடி வெடிக்கும். உடைந்த குழாய்க்குள் உப்புத் தண்ணீர் போனால் தொட்டி முழுக்க மின்சாரம்.

அதனால் ஸ்கிம்மர் அறை. மட்டம் மாறாத அறை, பம்ப் நின்றாலும் ஏறுமே தவிர இறங்காது. அங்கே செங்குத்தாக நிறுத்தாமல் அடியோடு ஒட்டிப் படுக்க வையுங்கள். தரையில் நேராகப் படாமல் இரண்டு விரல் உயரத்தில், உறிஞ்சு கப்போடு. படுக்க வைக்கலாமா என்று ஹீட்டர் பெட்டியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், சில மாடல்களுக்கு நிறுத்தித்தான் வைக்க வேண்டும்.

படுக்க வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சூடான தண்ணீர் மேலே ஏறும். ஹீட்டர் அடியில் இருந்தால் அதற்கு மேலே உள்ள தண்ணீர் எல்லாம் புரண்டு கலக்கும். மேலே தொங்கவிட்டால் மேல் அடுக்கு மட்டும் சூடாகி அப்படியே மிதக்கும்.

சென்சாரும் அதே அறையில், ஹீட்டரைத் தொடாமல் எதிர்ப்பக்கம்.

நீலவால் (சென்னை)

ஹீட்டர் பற்றிச் சொன்னது சரி. சென்சார் விஷயத்தில் ஒத்துக்கொள்ள முடியவில்லை. மீன் வாழ்வது மேலே. சம்பில் 26 காட்டினால் எனக்கு என்ன பயன், மேலே 23 இருந்தால்? சென்சாரை மேல் தொட்டியில் வைத்தால் அங்கே எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்குக் கண்ட்ரோலர் கீழே சூடு ஏற்றும்.

உப்புக்காற்று

நீலவால், ஓடுகிற தொட்டியில் மேலும் கீழும் மூன்று டிகிரி வித்தியாசம் வர வழியில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ரிட்டர்ன் பம்ப் உண்மையில் மேலே தருவது மணிக்கு 1500 லிட்டர் என்று கொள்வோம். நொடிக்கு 0.42 லிட்டர். ஒரு லிட்டர் கடல் நீரை ஒரு டிகிரி ஏற்றக் கிட்டத்தட்ட 4.1 கிலோஜூல் வேண்டும். 300 வாட்ஸ் ஹீட்டர் முழுசாக எரிந்தாலும் கடந்து போகும் தண்ணீரில் ஏறுவது 0.18 டிகிரி. அவ்வளவுதான். எஸ்டிசி-1000 சென்சாரின் பிழையே இதைவிட அதிகம். பம்ப் ஓடும்வரை மேல் தொட்டியும் சம்பும் ஒரே தண்ணீர். சென்சார் எங்கே இருந்தாலும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

அதனால் பம்ப் ஓடும் நேரத்தை வைத்து இடத்தை முடிவு செய்யாதீர்கள். பம்ப் நிற்கும் நேரத்தை வையுங்கள். நத்தை போய் பம்பின் இம்பெல்லரில் (சுழலும் இறக்கையில்) சிக்கும். கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் பழைய பம்ப் சுற்றாமல் உறுமிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் சென்சார் மேலே, ஹீட்டர் கீழே. மேலே தண்ணீர் ஆறுகிறது, சென்சார் "குளிர்கிறது" என்கிறது, கண்ட்ரோலர் ஹீட்டரை விடாமல் எரிக்கிறது. அந்தச் சூட்டில் ஒரு சொட்டுகூட மேலே போவதில்லை. 40 லிட்டரில் 300 வாட்ஸ் என்றால் ஏறத்தாழ ஒன்பது நிமிடத்துக்கு ஒரு டிகிரி, ஒரு மணி நேரத்தில் ஆறு டிகிரிக்கு மேல்.

ஹீட்டர் எந்தத் தண்ணீரைச் சூடாக்குகிறதோ அந்தத் தண்ணீரைத்தான் சென்சார் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

ஸ்கார்பரோ_கடல் (டொராண்டோ)

நான் தொட்டியை நிலவறையில் வைத்திருக்கிறேன். இங்கே மாரிகாலத்தில் அறை வெப்பம் 18, 19 தான், அதனால் வருடத்தில் பாதிக்கு மேல் ஹீட்டர் வேலை செய்யும். உப்புக்காற்று சொன்னதுக்கு மேலே கொஞ்சம் சேர்க்கிறேன்.

தம்பி நெத்திலி, சம்ப் கொதித்த பிறகு பம்ப் திரும்ப ஓடினால் என்ன நடக்கும் என்று ஒருக்கா பாருங்கோ. கீழே 40 லிட்டர் 42 டிகிரியில், மேலே 160 லிட்டர் 23 டிகிரியில் நிற்கிறது. கலந்தால் 26.8 வரும். எண்ணைப் பார்த்தால் நல்ல வெப்பம்தானே என்று தோன்றும். ஆனால் சில நிமிடத்தில் நாலு டிகிரி ஏறுவது மீனுக்குப் பெரிய அதிர்ச்சி. அதைவிடப் பெரிய அழிவு கீழே நடந்து முடிந்திருக்கும். சம்பில் உள்ள பாறையிலும் வடிகட்டும் மீடியாவிலும் இருக்கிற பாக்டீரியா, குட்டி உயிர்கள், பாசி வளர்த்தால் அந்தப் பாசி, எல்லாம் 42-இல் செத்து அழுகத் தொடங்கும். அந்த அழுகலும் அம்மோனியாவும் பம்போடு சேர்ந்து மேலே போகும். மீன் சாவது அடுத்த நாள், அதுக்கு அடுத்த நாள். அப்போது ஆக்கள் வெப்பத்தைச் சந்தேகிக்கவே மாட்டார்கள், ஏனென்றால் வெப்பமானி 26 காட்டும்.

உங்கள் கண்ணாடி ஹீட்டருக்குச் சொந்தத் தெர்மோஸ்டாட் இருக்கிறது, அது இந்த அளவுக்குப் போக விடாது, அது ஒழுங்காக வேலை செய்தால். டைட்டேனியம் குழாய்கள் பலவற்றில் அது கிடையாது, வெளிக் கண்ட்ரோலரை மட்டும் நம்பி ஓடும். அப்படியானவர்கள் சென்சாரை மேல் தொட்டியில் வைப்பது மிகவும் ஆபத்து.

மற்றது, ஒரு 300-க்குப் பதில் இரண்டு 150 போடுங்கோ. ஒன்று செத்தால் மற்றது ஓரளவு தாங்கும். ஒன்று நிற்காமல் எரிந்தாலும் 200 லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், குளிர்கால அறையில் அதிலும் பாதிக்கு மேல் வெளியே போய்விடும். நீங்கள் எழும்பிப் பார்க்க நேரம் இருக்கும்.

நீலவால்

0.18 என்ற கணக்கைப் போட்டுச் சரிபார்த்தேன், சரிதான். இரண்டு தொட்டிக்கும் நடுவில் வித்தியாசம் இல்லை என்பதை ஏற்கிறேன்.

ஆனால் மறுபக்கம் அப்படியே நிற்கிறது. சென்சார் சம்பில் இருந்து பம்ப் நின்றால், சம்ப் 25.5-ல் சுகமாக இருக்கும், கண்ட்ரோலர் எல்லாம் நலம் என்று காட்டும். மேலே மீன்கள் குளிரில் கிடக்கும், யாருக்கும் தெரியாது. ஓட்டம் இல்லாததால் மூச்சுத் திணறலும் சேரும். நீங்கள் இருவரும் சம்பைக் காப்பாற்றிவிட்டீர்கள், மீனை இல்லை.

உப்புக்காற்று

நியாயமான கேள்வி. மேலே ஒரு சென்சார் கட்டாயம் வேண்டும். ஆனால் அது ஹீட்டரை இயக்கக் கூடாது, சத்தம் போட மட்டும்தான். தனி வெப்பமானி, குறைந்தால் கூடினால் அலாரம் அடிப்பது. 24-க்குக் கீழே, 28-க்கு மேலே என்று வையுங்கள். பம்ப் நின்றதை அது காட்டிக்கொடுக்கும், நீங்கள் போய்ப் பம்பைச் சரிசெய்வீர்கள். பம்ப் நின்ற நிலையில் எத்தனை வாட்ஸ் எரித்தாலும் மேல் தொட்டி சூடாகாது, அதனால் அந்த நேரத்தில் ஹீட்டரிடம் கேட்க ஒன்றுமில்லை. மீன்களின் மூச்சுக்கு, மேல் தொட்டிக்குள்ளேயே தண்ணீரைச் சுழற்றும் ஒரு அலைப் பம்ப் தனியாக ஓட வேண்டும், அது எந்தக் கடல் தொட்டிக்கும் வேண்டியதுதான்.

சர்க்யூட்_கோவை (கோயம்புத்தூர்)

தாமதமாக வருகிறேன். எல்லோரும் பம்ப் நிற்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் பழுது பார்க்கப் போன இடங்களில் மீனைக் கொன்றது பெரும்பாலும் அதைவிடச் சின்ன விஷயம். உறிஞ்சு கப்.

சென்சாரோடு வரும் அந்த ரப்பர் கப் உப்புத் தண்ணீரில் சில மாதத்தில் விறைத்துப்போகும், அல்லது பின்னால் பாசி பிடித்து வழுக்கும். ஒயர் சுருண்டு வந்த பழக்கத்தில் மேல்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். கப் விட்டதும் சென்சார் தண்ணீரை விட்டு வெளியே எம்பி, சம்பின் விளிம்பில் தொங்கும். இப்போது அது அளப்பது அறைக் காற்றை. 20 டிகிரி. ஹீட்டர் இரவெல்லாம் எரியும். கண்ட்ரோலரில் பழுது இல்லை, ஹீட்டரில் பழுது இல்லை, பம்பும் ஓடுகிறது, தண்ணீர் 33.

செய்ய வேண்டியது இது. எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் பிவிசி ஒயரிங் பைப்பில் ஒரு சாண் வெட்டிக்கொள்ளுங்கள். கீழ்ப் பாதியில் பத்துப் பதினைந்து ஓட்டை போடுங்கள். சென்சாரை மேலிருந்து உள்ளே இறக்கி, நுனி பைப்பின் கீழ்வாயில் எட்டிப் பார்க்கும்படி விட்டு, பைப்பின் மேல்வாயில் ஒயரைக் கேபிள் டை போட்டு இறுக்குங்கள். பைப்பைத் தடுப்புக் கண்ணாடியின் மேல் விளிம்பில் க்ளிப் போட்டு மாட்டுங்கள். நுனி தண்ணீரின் நடு ஆழத்தில், ஹீட்டரைவிடச் சற்று மேலே. இனி எது கழன்றாலும் சென்சார் கீழேதான் விழும், வெளியே வராது. ஒயரில் ஒரு முழம் தளர்வு விட்டுத் தனியாக மரத்தில் அடித்துவிடுங்கள், யாராவது கண்ட்ரோலரை நகர்த்தினால் இழுபடாமல் இருக்கும்.

உங்கள் சென்சார் நுனி எவர்சில்வர் உறை போட்டதா, கறுப்பு ரப்பரா? எவர்சில்வர் என்று விற்பதில் பலவும் கடல் நீரில் துருப்பிடிக்கும். உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயை நுனி வரை போட்டுச் சுருக்கிவிடுங்கள். எண் கொஞ்சம் மெதுவாக மாறும், பரவாயில்லை.

அடுத்து இரண்டு தெர்மோஸ்டாட்டையும் எப்படி வைப்பது. கண்ட்ரோலரில் இலக்கு 25.5, ஆனுக்கும் ஆஃபுக்கும் நடுவே வித்தியாசம் 0.3. ஹீட்டரின் தலைத் திருகை 27-ல் வையுங்கள். தினசரி ஆன், ஆஃப் முழுவதும் கண்ட்ரோலரின் வேலை. ஹீட்டர் தெர்மோஸ்டாட் எப்போதும் ஆன் நிலையிலேயே இருக்கும், கண்ட்ரோலர் கைவிட்டால் மட்டும் 27-ல் துண்டிக்கும். ஹீட்டருக்குள் இருக்கும் இரட்டை உலோகப் பட்டை ஒரு நாளில் பலமுறை தீப்பொறியோடு சேர்ந்து பிரிவதால்தான் ஒரு நாள் ஒட்டிக்கொண்டு எரிந்துகொண்டே இருக்கிறது. வேலையைக் கண்ட்ரோலருக்கு மாற்றினால் அந்தப் பட்டை பல வருடம் புதிதாக இருக்கும். கரண்ட் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துதான் போக வேண்டும் என்பதால் இரண்டும் சேர்ந்து கெட்டால்தான் ஆபத்து.

வைத்த பின்பு பரிசோதியுங்கள். சென்சாரை வெளியே எடுத்துக் காற்றில் பிடித்துக்கொண்டு ஹீட்டர் 27-ல் தானாக அணைகிறதா என்று ஒரு வாளி உப்புத் தண்ணீரில் பாருங்கள். திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், இரண்டு டிகிரி தள்ளியிருப்பது சாதாரணம்.

கடைசியாக, 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் இந்த லைனைப் போடாதீர்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். எல்லா ஒயரும் சாக்கெட்டுக்குப் போகும் முன் ஒரு முறை கீழே வளைந்து மேலே ஏற வேண்டும், வழிந்து வரும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

நெத்திலி

எல்லோருக்கும் நன்றி. 300-ஐக் கடையில் கொடுத்து இரண்டு 150 வாங்கிக்கொள்கிறேன். சென்சார் கறுப்பு ரப்பர்தான்.

மூன்று கேள்விகள். ஒன்று, சென்சாரைத் தண்ணீர் வந்து விழும் முதல் அறையில் வைத்தால் மேல் தொட்டித் தண்ணீரையே அளந்தது மாதிரியும் ஆகும், சம்பில் இருந்தது மாதிரியும் ஆகும் அல்லவா? இரண்டு, கோடையில் சம்பின் மேல் ஃபேன் வைப்பேன், அப்போது என்ன மாறும்? மூன்று, வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, ஹீட்டரை அதில் போடலாமா?

உப்புக்காற்று

முதல் அறை யோசனை அழகானது, பலரும் அப்படித்தான் வைக்கிறார்கள். பம்ப் ஓடும்போது குறையே இல்லை. நின்றால் முதல் அறைக்கும் ஹீட்டர் இருக்கும் அறைக்கும் நடுவே தடுப்புக் கண்ணாடி. சூடு மேல் மட்டத்தில் தவழ்ந்து வந்தால்தான் உண்டு, அதுவரை ஹீட்டர் எரியும். ஸ்கிம்மர் அறையில் ஸ்கிம்மரின் சொந்தப் பம்ப் எப்போதும் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருக்கும், ரிட்டர்ன் நின்றாலும். சென்சாருக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

ஃபேன். ஒரு லிட்டர் ஆவியானால் அது எடுத்துப்போகும் வெப்பம் 200 லிட்டரை ஏறத்தாழ மூன்று டிகிரி இறக்கும் அளவு. சென்னை ஈரக் காற்றில் ஃபேன் அவ்வளவு பலன் தராது, உங்கள் ஊரில் நன்றாக வேலை செய்யும். அதே அளவுக்கு ரிட்டர்ன் அறையில் மட்டமும் இறங்கும், ஹீட்டர் அங்கே இருக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம். ஃபேனை எஸ்டிசி-1000-ன் கூலிங் பக்கம் போடலாமே என்று தோன்றும், அப்படிச் செய்யாதீர்கள். அதில் இரண்டுக்கும் ஒரே இலக்கு எண், ஒன்று ஏற்ற ஒன்று இறக்க என்று நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருக்கும். ஃபேனுக்குத் தனியாக ஒரு சின்னக் கண்ட்ரோலர் போட்டு 27.5-ல் வையுங்கள். நடுவில் இரண்டு டிகிரி சும்மா இருக்கட்டும். கடலிலும் வெப்பம் ஒரே எண்ணில் நிற்பதில்லை.

மேல் எல்லையில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வெப்பம் ஏற ஏறத் தண்ணீர் பிடித்து வைக்கும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரிக் கடல் நீரில் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் வரை கரையும், 30-ல் 6.2 தான். அதே நேரம் மீனின் தேவை ஏறுகிறது. 2016-ல் மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்ததும் நீடித்த சூட்டால்தான். தொட்டியில் குளிரால் போகும் மீனைவிடச் சூட்டால் போகும் மீன் அதிகம், போகிற வேகமும் அதிகம்.

சர்க்யூட்_கோவை

இன்வெர்ட்டரில் ரிட்டர்ன் பம்ப், அலைப் பம்ப் மட்டும். ஹீட்டர் வேண்டாம், 300 வாட்ஸ் பேட்டரியை உறிஞ்சிவிடும். 160 லிட்டர் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் ஆறாது.

கரண்ட் திரும்பி வந்தும் பம்ப் சுற்றாத நிலைக்கு ஒரு வழி இருக்கிறது. பம்ப் நின்றதும் மேலிருந்து தண்ணீர் வடிந்து ரிட்டர்ன் அறையில் மட்டம் சில சென்டிமீட்டர் ஏறும். அந்த உயரத்தில் ஒரு சின்ன மிதவை சுவிட்ச் வைத்து, ஏறினால் ஹீட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலே (மின்காந்த சுவிட்ச்) விடுபடும்படி இணைக்கலாம். மிதவையில் 230 வோல்ட் ஓட விடாதீர்கள், 12 வோல்ட் ரிலே காயில் மட்டும். பம்புக்குக் கரண்ட் வருகிறதா என்று பார்ப்பதைவிட இது நம்பகமானது, உறுமிக்கொண்டு நிற்கும் பம்புக்கும் கரண்ட் வந்துகொண்டுதானே இருக்கும்.

நெத்திலி

மாட்டிவிட்டேன். இரண்டு 150-ம் ஸ்கிம்மர் அறையின் அடியில், எதிரெதிர்ச் சுவரில். பிவிசி பைப்பில் சென்சார், மேல் தொட்டியில் அலாரம். வாளிப் பரிசோதனையில் ஒரு ஹீட்டர் 27 என்ற குறியில் வைத்தும் 28.5-ல்தான் அணைந்தது, திருகைத் தள்ளி வைத்துச் சரிசெய்தேன்.

இன்று ரிட்டர்ன் பம்பை வேண்டுமென்றே ஒரு மணி நேரம் நிறுத்திப் பார்த்தேன். சம்ப் 25.4-க்கும் 25.8-க்கும் நடுவிலேயே நின்றது. மேல் தொட்டி 25.6-லிருந்து 25.1-க்கு வந்தது. பம்பைப் போட்டதும் சில நிமிடத்தில் இரண்டும் சேர்ந்துகொண்டன. இரண்டு வெப்பமானிக்கும் 0.3 வித்தியாசம் இருக்கிறது, அதை என்ன செய்வது?

ஸ்கார்பரோ_கடல்

நல்ல வேலை தம்பி. ஆர்.ஓ. தண்ணீரில் செய்த ஐஸை நொறுக்கி ஒரு குவளை நிறையப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு அதே தண்ணீரை விட்டுக் கலக்குங்கோ. இரண்டு நுனியையும் நடுவில் வைத்து எண் அசையாமல் நிற்கும்வரை பொறுங்கோ. பூச்சியம் வர வேண்டும். எது தள்ளியிருக்கிறதோ அதுக்கு அந்த வித்தியாசத்தைக் கண்ட்ரோலரின் திருத்த அமைப்பில் போடலாம், எஸ்டிசி-1000-ல் அந்த வசதி இருக்கிறது.

தண்ணீர் மாற்றும் நாளில் ஹீட்டர் பிளக்கை முதலில் கழற்றி, கால் மணி நேரம் பொறுத்துப் பிறகுதான் சம்பைத் தொடுங்கோ. சுண்ணாம்பு மற்ற இடங்களைவிடச் சூடான குழாயின் மேல்தான் முதலில் படியும். வெள்ளையாகத் தெரிந்தால் வெளியே எடுத்து வினிகரில் ஊற வைத்து, நல்ல தண்ணீரில் கழுவிப் போடுங்கோ. பைப்பின் ஓட்டைகளையும் அதே நேரத்தில் பார்த்துவிடுங்கோ, பாசி அடைத்தால் உள்ளே தண்ணீர் தேங்கி சென்சார் பிந்திக் காட்டும்.